தொப்பிக்கு மதிப்பெண் உண்டு, தலைக்கு?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், குதிரை, காளைச் சவாரித் திருவிழாவான ரோடியோவின் ராணிப் பட்டத்துக்குத் தயாராகும் பெண்களின் பையில் கொண்டை ஊசியும் ஹேர் ஸ்பிரேயும் டேப்பும் கட்டாயம் இருக்கும். சிங்காரம் ஒரு காரணம். குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகும்போது கௌபாய் தொப்பி பறந்துவிடக் கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். ராணியின் கிரீடம் அந்தத் தொப்பியில்தான் பொருத்தப்பட்டிருக்கும். தொப்பி விழுந்தால் சில போட்டிகளில் மதிப்பெண்ணே குறையும்.

நான் கொலராடோவில் தலைக்காயத்துக்குப் பிந்தைய சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட். கோடை வந்தால் ரோடியோவும் வரும். கூடவே குதிரையிலிருந்து விழுந்தவர்களும் வருவார்கள். அவர்களில் காளைமேல் ஏறும் இளைஞர்களைவிட இந்த ராணிப் பெண்களிடம் உண்மையை வரவழைப்பதுதான் கடினம். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரிப்பார்கள். எத்தனையோ நடுவர்கள் முன்னால் பழகிய சிரிப்பு அது.

இது வெறும் அழகிப் போட்டி என்று நினைத்துவிட வேண்டாம். மிஸ் ரோடியோ அமெரிக்கா போட்டி 1950களின் நடுவில் தொடங்கியது. டிசம்பரில் லாஸ் வேகாஸில், தேசிய இறுதி ரோடியோவை ஒட்டி நடக்கிறது. தோற்றம், ஆளுமை, குதிரையேற்றம் மூன்றுக்கும் மதிப்பெண். மேடையில் பேச வேண்டும். ரோடியோ விதிகள், குதிரைப் பராமரிப்பு என்று எதைக் கேட்டாலும் உடனே பதில் வர வேண்டும். பழக்கமில்லாத குதிரையிலும் குறித்த பாதையில் தடுமாறாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். பட்டம் கிடைத்த பிறகும் பல ஊர்களில் அங்கே கொடுக்கும் குதிரைதான். ஒரு கையில் கடிவாளம், மறு கை கூட்டத்தைப் பார்த்து அசைக்க. சுற்றிலும் இசை, வெளிச்சம், பட்டாசு. மிரளாத குதிரை வாய்த்தால் அதிர்ஷ்டம்.

இதன் பின்னணியில் ஒரு பழைய கதை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்கள் அடங்காத குதிரைகள்மேல் ஏறிப் பரிசு வென்றார்கள். 1929இல் ஒரிகன் மாநிலத்தின் பெண்டில்டன் ரோடியோவில் போனி மெக்காரல் என்ற வீராங்கனை குதிரையிலிருந்து வீசப்பட்டு, சில நாட்களில் இறந்தார். பெண்களுக்கு ஆபத்து என்று சொல்லிப் பல ரோடியோக்கள் அந்தப் போட்டியையே கைவிட்டன. ராணிப் போட்டிக்கு முன்னோடியாக, 1931இல் டெக்சாஸின் ஸ்டாம்ஃபோர்டில், ஊர்ச் சார்பாக அழைக்கப்பட்ட பெண்களின் உடை, குதிரை, சவாரித் திறன் மூன்றையும் பார்த்துப் பரிசு கொடுத்தார்கள். போட்டியாளராகவே களமிறங்க வேண்டும் என்று 1948இல் சான் ஆஞ்சலோவில் 38 பெண்கள் கூடித் தனிச் சங்கம் அமைத்தது வேறு கதை. என் கண்ணுக்குப் படுவது ஒன்றுதான்: ஆபத்து என்று இறக்கிவிட்ட பெண்ணை அலங்கரித்து மறுபடி குதிரைமேல் ஏற்றினார்கள், தலைக்கு மட்டும் வெறும் தொப்பியே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

சேணத்தில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும். கீழே ஓடுவது ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள விலங்கு. அமெரிக்கப் பெரியவர்களுக்கு விளையாட்டால் ஏற்படும் மூளைக்காயங்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பாதிக்குச் சற்றுக் குறைவானவை குதிரையேற்றத்தால் வந்தவை.

என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பயிற்சியில் விழுந்தாள், மயக்கமில்லை, எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஏறினாள். அன்று மாலையே மேடையில் பேசினாள். தலைவலியைத் தூக்கமின்மை என்று நினைத்துக்கொண்டாள். அவளைப் பயமுறுத்தியது வேறு: மனப்பாடமாக இருந்த விதிப்புத்தகக் கேள்விகளுக்கு விடை வரவில்லை. அரங்க விளக்கைப் பார்த்தால் குமட்டியது. ஸ்கேன் சரியாக இருந்ததால் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுக்கு வந்தது மூளை அதிர்ச்சி (கன்கஷன்). அதற்கு நினைவு தப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. சி.டி. ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை அதிர்ச்சி பெரும்பாலும் அதில் தெரியாது. முதல் அடி ஆறும் முன்னே இன்னொரு அடி பட்டால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அது அரிதுதான், ஆனால் நேர்ந்தால் இளம் வயதினருக்குத்தான் பெரும்பாலும் நேர்கிறது. அதனால் தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே அன்றைக்கு மறுபடி ஏறக் கூடாது. தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு கண்ணின் பாவை பெரிதாவது, எழுப்பினாலும் எழாத தூக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவு.

ஹெல்மெட் என்றதும் "அது எங்கள் மரபில்லை" என்பார்கள். காளைச் சவாரியைவிட முரட்டு மரபு எது? அங்கேயே தொழில்முறைக் காளைச் சவாரி அமைப்பு 15 அக்டோபர் 1994 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்த வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. கருப்பு உயரத்தொப்பி இல்லாமல் நினைத்தே பார்க்க முடியாத டிரஸ்ஸாஜ் என்னும் நளினக் குதிரைச் சவாரியில், ஒலிம்பிக் வீராங்கனை கோர்ட்னி கிங்-டை 2010இல் ஹெல்மெட் இன்றிப் பயிற்சி செய்தபோது விழுந்து வாரக்கணக்கில் கோமாவில் கிடந்தார். 2021இலிருந்து சர்வதேசப் போட்டிகளில் அந்தத் தொப்பி போய் ஹெல்மெட் வந்துவிட்டது. ரோடியோவுக்குள்ளேயே ஃபேலன் டெய்லர் என்ற வீராங்கனை, பீப்பாய்களைச் சுற்றிக் குதிரை ஓட்டும் பந்தயத்தில் 2014இல் ஹெல்மெட்டோடு ஓட்டி உலகப் பட்டம் வென்றார். நடுவர்கள் மனம் வைத்தால் ஒரு வரியில் முடியும் காரியம்: ஹெல்மெட் அணிந்தவருக்கு மதிப்பெண் குறையாது என்று விதியில் எழுதினால் போதும். கிரீடத்தை இறங்கியபின் மேடையில் சூட்டிக்கொள்ளலாமே!

டெக்சாஸிலும் கொலராடோவிலும் இருக்கும் நம்மவர்கள் வீட்டுப் பெண்கள் சிலரும் இப்போது வார இறுதியில் லாயத்துக்குப் போகிறார்கள். அந்தப் பெற்றோருக்கு: சைக்கிள் ஹெல்மெட் இதற்கு உதவாது, குதிரையேற்றத்துக்கென்றே தரச்சான்று பெற்றதாக வாங்குங்கள். கௌபாய் தொப்பி விளிம்பு மாட்டியவையும் கிடைக்கின்றன. ஹெல்மெட் மூளை அதிர்ச்சியை முழுதாகத் தடுக்காது. மண்டை உடைவதையும் உள்ளே இரத்தம் கசிவதையும் வெகுவாகக் குறைக்கும். அடிபட்டால் முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, அப்புறம் வேகம் கூட்டிய உடற்பயிற்சி. குதிரைமேல் மெல்ல நடப்பதுகூட அதற்கப்புறம், மருத்துவர் சரி சொன்னால்தான். பாய்ச்சல் கடைசி. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும், குப்பைக்குத்தான்.