சொல் விளக்கம்: பழுதிடைக் காலம்

யுபிஎஸ், ஹார்டு டிஸ்க், பம்பு என்று எதை எடுத்தாலும் அதன் விவரத்தாளில் எம்டிபிஎஃப் (மீன் டைம் பிட்வீன் ஃபெயிலியர்ஸ்) என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் இத்தனை மணி என்று ஒரு பெரிய எண். இதைத் தமிழாக்குகிறவர்கள் ‘தோல்விகளுக்கு இடையேயான சராசரி நேரம்’ என்று எழுதுகிறார்கள். முதலில் இறக்குமதிக் கருவிகளின் கையேடுகளில் வந்தது. அப்புறம் பயிற்சிக் குறிப்புகளுக்குள் நுழைந்தது. இப்போது மாணவர்களும் அப்படியே எழுதத் தொடங்கிவிட்டார்கள். இது தவறு என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

பொருள் எளியது. கருவி ஓடுகிறது, பழுதாகிறது, சரிசெய்கிறோம், திரும்ப ஓடுகிறது, திரும்பப் பழுதாகிறது. ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவே அது சராசரியாக எத்தனை மணி ஓடுகிறது என்பதுதான் எம்டிபிஎஃப்.

இதில் வரும் ‘ஃபெயிலியர்’ லத்தீனின் ‘ஃபல்லெரே’ என்ற வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஃபல்லெரே என்றால் ஏமாற்றுதல். நம் ‘தோல்வி’யோ தோற்றல் என்ற வினையிலிருந்து பிறந்தது. தோற்பதற்கு ஒரு போட்டி வேண்டும், எதிரில் வெல்ல ஒருவர் வேண்டும். தேர்தலில் தோற்கலாம், வழக்கில் தோற்கலாம், தேர்வில்கூடத் தோற்கலாம். பம்பு யாரிடம் தோற்கும்?

அந்த ஒரே ஆங்கிலச் சொல் வரும் இடங்களில் தமிழ் எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். மழை பொய்த்தது என்கிறோம். விளைச்சல் பொய்த்தது என்கிறோம். லத்தீன் மூலத்தில் இருக்கும் ‘ஏமாற்றுதல்’ இங்கே தானாகவே வந்துவிட்டது, யாரும் மொழிபெயர்த்துத் தரவில்லை. பிரேக் பிடிக்கவில்லை, கரண்ட் போய்விட்டது, சிறுநீரகம் செயலிழந்தது, விமானத்தில் தொழில்நுட்பக் கோளாறு. ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பிரேக் தோற்றது என்று எந்த ஓட்டுநரும் சொன்னதில்லை. எழுத உட்கார்ந்தவுடன் மட்டும் அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டுகிறோம்.

கருவிக்கு உரிய சொல் பழுது. திருக்குறளிலேயே ‘பழுதெண்ணும் மந்திரி’ என்று வருகிறது (639). அங்கே தீங்கு, தவறு என்ற பொருள். பிறகு பொருளில் உண்டாகும் கேட்டுக்கு அது நிலைத்துவிட்டது. பழுதுபார்த்தல் என்ற சொல்லும் கூடவே கையில் இருப்பது இன்னொரு வசதி. பழுதும் பழுதுபார்த்தலும் மாறிமாறி வரும் கருவிக்குத்தான் எம்டிபிஎஃப். இந்த இணை ‘தோல்வி’க்குக் கிடையாது. தோல்விபார்த்தல் என்று சொல்ல முடியுமா?

நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. பொறியியலில் குறை இருக்கும் நிலை வேறு, வேலை நின்றுபோகும் நிகழ்வு வேறு. முதலாவது ஃபால்ட், இரண்டாவது ஃபெயிலியர். இரண்டுக்கும் பழுது என்றே சொன்னால் குழம்பாதா என்பார்கள். குழம்பாது. நிலையைப் பழுது என்றும் நிகழ்வைப் பழுதாதல் என்றும் சொன்னால் போதும். சரிசெய்ய முடியாமல் தூக்கிப்போட வேண்டிய பல்பு போன்றவற்றுக்குச் செயலிழப்பு பொருத்தமானது. அவற்றுக்கு ஆங்கிலத்திலேயே எம்டிடிஎஃப் (மீன் டைம் டு ஃபெயிலியர்) என்று தனி அளவு இருக்கிறது. அதைச் ‘செயலிழக்கும் வரையிலான சராசரிக் காலம்’ எனலாம். எம்டிபிஎஃப்-க்குச் ‘சராசரிப் பழுதிடைக் காலம்’. சுருக்கமாகப் பழுதிடைக் காலம்.

சிலர் ‘சராசரி ஆயுள்’ என்று எழுதுவதுதான் எனக்கு இன்னும் கவலை தருகிறது. தோல்வி காதுக்கு உறுத்துகிறது, அவ்வளவுதான். ஆயுள் என்பது வாங்குகிறவரையே ஏமாற்றிவிடும். ஹார்டு டிஸ்க் விவரத்தாளில் 10 லட்சம் மணி என்று இருக்கும். ஆண்டுக்கு 8,760 மணி என்று வகுத்தால் 114 ஆண்டு வருகிறது. எந்த டிஸ்க்கும் 114 ஆண்டு ஓடாது, தயாரித்தவரும் அப்படிச் சொல்லவில்லை. 1,000 டிஸ்க்குகளை ஓராண்டு முழுக்க ஓட்டினால் சுமார் 9 போய்விடும் என்பதே அந்த எண்ணின் பொருள்.

கணக்கு இப்படி வரும். 20 விசிறிகள், ஒவ்வொன்றும் 500 மணி ஓடின, மொத்தம் 10,000 மணி. அதற்குள் 4 பழுதுகள் என்று வைத்துக்கொள்வோம். பழுதிடைக் காலம் 2,500 மணி. ஒரு விசிறி அடுத்த 500 மணி பழுதில்லாமல் ஓட எவ்வளவு வாய்ப்பு? 500-ஐ 2,500-ஆல் வகுத்தால் 0.2. அதை எதிர்க்குறியோடு 2.718 என்ற எண்ணுக்கு அடுக்காக ஏற்றினால் 0.82, அதாவது 82 விழுக்காடு. முழு 2,500 மணியும் தாண்டுவதற்கோ 37 விழுக்காடுதான். சராசரி என்றதும் பாதிக்குப் பாதி என்று நினைப்பவர்கள் இங்கே சறுக்குகிறார்கள்.

இப்படிக் காலம் அடுக்கில் ஏறுவதால்தான் இந்த வாய்ப்புக் கணக்குக்கு அடுக்குக்குறிப் பரவல் (எக்ஸ்போனென்ஷியல் டிஸ்ட்ரிபியூஷன்) என்று பெயர். அடுக்குக்குறியும் பரவலும் பாடப்புத்தகத்தில் வரும் சொற்கள்தான். ஆனால் மொழிபெயர்ப்புக் கருவிகள் ‘அதிவேக விநியோகம்’ என்று தருகின்றன. அதைத் திருத்தாமல் அச்சேற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் வேகமும் இல்லை, விநியோகமும் இல்லை. படிக்கிற பிள்ளை கணிதத்தை எப்படிக் கண்டுபிடிக்கும்?

இந்தப் பரவலுக்குப் பின்னால் ஓர் அனுமானம் இருக்கிறது. பழுதாகும் வீதம் மாறாது, பழைய ஓட்டம் கணக்கில் சேராது. 2,000 மணி ஓடிய விசிறிக்கும் புதியதற்கும் அடுத்த 500 மணியைத் தாண்ட அதே 82 விழுக்காடு. 1953-இல் புள்ளியியலாளர்கள் பெஞ்சமின் எப்ஸ்டீனும் மில்டன் சோபலும் ஆயுள் சோதனை பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த முறை எங்கும் புழக்கத்துக்கு வந்தது. தேய்மானம் உள்ள கருவிக்கு இது பொருந்தாது. 2007-இல் கணினி ஆய்வாளர்கள் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்ஸனும் சுமார் 1 லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். விவரத்தாள்களின்படி ஆண்டுக்கு 0.88 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. நடைமுறையில் 2 முதல் 4 விழுக்காடு சாதாரணமாக மாற்றப்பட்டிருந்தது. வயது ஏற ஏற மாற்றும் வீதமும் ஏறியது, அடுக்குக்குறிப் பரவல் பொருந்தவில்லை.

ஆகவே மொழிபெயர்க்கிறவர்கள் எண்ணை மட்டும் இறக்கிவைத்துவிட்டுப் போகக் கூடாது. ‘சராசரிப் பழுதிடைக் காலம்: 2,500 மணி. பழுது வீதம் மாறாது என்ற அனுமானத்தில் கணித்தது.’ விவரத்தாளில் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடம் இருக்கிறது.