சயாட்டிகா: வலிப்பது கால், கோளாறு முதுகில்

சயாட்டிகா என்ற நரம்பு வலி இருப்பவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் தொடையின் பின்புறத்தையோ கெண்டைக்காலையோ காட்டுவார். சொல்லோ இடுப்பைக் குறிப்பது. கிரேக்கத்தில் 'இஸ்கியோன்' என்றால் இடுப்பு மூட்டு. அது இலத்தீன் வழியாகத் திரிந்து 'சயாட்டிகா' ஆனது. இடுப்பைச் சுற்றி எந்த வலி வந்தாலும் பழங்காலத்தில் இதே பெயர்தான். 1764இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் டொமெனிகோ கொட்டுன்யோ, மூட்டு வலி வேறு, நரம்பு வலி வேறு என்று பிரித்துக் காட்டினார். முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதே பலருக்குக் காரணம் என்பது 1934இல்தான் தெளிவானது. இதைத்தான் நாம் 'ஜவ்வு விலகல்' என்கிறோம்.

ஆயுர்வேதத்தில் இதற்குப் பெயர் கிருத்ரசி. 'கிருத்ர' என்றால் கழுகு. நோயாளி காலை இழுத்து நடப்பது கழுகின் நடை போல இருப்பதால் வந்த பெயர் என்பார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'தொடை நரம்பு வலி' என்றால் தொடையின் முன்பக்க நரம்போடு குழப்பம் வரும். 'இடுப்பு வலி' போதாது. 'இடுப்புக்கால் நரம்பு வலி' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கீழ்முதுகிலும், முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்பிலும் இருந்து வரும் 5 நரம்பு வேர்கள் சேர்ந்து, பிட்டம் வழியாகக் கீழே இறங்கும் நரம்பின் வலி இது. உடலிலேயே தடிமனான நரம்பும் அதுதான்.

இந்தப் பாதை புரிந்தால் வீட்டில் என்ன செய்வது என்பதும் புரியும். கெண்டைக்காலை எவ்வளவு நீவினாலும் மேலே இருக்கும் அழுத்தம் குறையாது. நாள்கணக்கில் படுத்தே கிடக்கவும் வேண்டாம். தாங்கும் அளவுக்கு வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது நல்லது. மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வைத்தால் பலருக்கு இதமாக இருக்கும். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு இடையில் தலையணை. கீழ்முதுகில் வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுக்கலாம். குனிந்து குடம் தூக்குவது, பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸோடு உட்காருவது இரண்டையும் விட்டுவிடுங்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தணிந்துவிடும்.

ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்துப் போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அன்றே, இரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தாமதித்தால் அந்தப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.