ஒளியாளி: சொல் விளக்கம்

திருகோணமலை உவர்மலையில் உயர்தர இரசாயனவியல் வகுப்பு முடிந்து கிளம்பும்போது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், போட்டோசுவிட்ச் எண்டா லைட் போடுற சுவிட்சா?" இல்லை பிள்ளை, அது ஒளி பட்டால் நிலை மாறும் மூலக்கூறு; அங்கே சுவிட்சைத் தட்டுகிற விரலே ஒளிதான்.

'போட்டோ', கிரேக்கத்தில் ஒளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 'சுவிட்ச்' வந்த வழி இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் அது முதலில் குதிரை ஓட்டும் மெல்லிய பிரம்பு. அப்புறம் ரயிலைத் தண்டவாளம் மாற்றிவிடும் கருவிக்குப் பெயரானது. மின்சாரத்துக்கு வந்தது அதற்கும் பிறகுதான். எனக்கு அந்த நடுப்பொருள்தான் பிடிக்கும். இந்த மூலக்கூறுகளும் தடம் மாற்றுகின்றன.

டயரைலெத்தீன் என்ற சேதனச் சேர்வையில் புற ஊதாக் கதிர் பட்டால், திறந்திருந்த நடுப்பகுதி வளையமாக மூடி நிறம் ஏறும். கட்புல ஒளி பட்டால் மறுபடி திறக்கும். அதனுடன் யூரோப்பியம் என்ற உலோகத்தின் அயனைப் பிணைத்துப் பாருங்கள். வளையம் திறந்திருக்கும்வரை யூரோப்பியம் 615 நானோமீற்றர் அளவில் சிவப்பாக ஒளிரும். மூடியதும் அந்த ஒளிர்வுக்கான சக்தியை வளையம் இழுத்துக்கொள்ள, சிவப்பு மங்கிவிடும். இருட்டில் வைத்தாலும் இரண்டு நிலையும் கலையாது. ஒன்றை 0, மற்றதை 1 என்று கொண்டால், ஒளியால் எழுதி ஒளியால் அழிக்கும் நினைவகத்துக்கு வழி கிடைக்கிறது.

யூரோப்பியம் நமக்கு அந்நியமும் இல்லை. புல்மோட்டைக் கரிய மணலில் இல்மனைட்டோடு மொனசைட்டும் கிடக்கிறது. அது அருமண் மூலகங்களின் கனிமம். சீரியமும் இலந்தனமும் அதிகம், யூரோப்பியம் சொற்பம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டில் சுவிட்சைச் 'சொடுக்கி' என்று எழுதுகிறார்கள். அதில் விரலும் சத்தமும் இருக்கின்றன, இங்கே இரண்டும் இல்லை. நம் இலங்கைப் பௌதிகவியல் நூல்களில் மின்சுற்றைத் திறந்து மூடுவது 'ஆளி'. எனவே ஒளியாளி. முதலாளி, தொழிலாளி போல 'ஒளியை உடையது' என்று யாராவது படித்தாலும் பிழையில்லை, இந்தச் சேர்வைகள் தாமும் ஒளிர்பவைதானே.

இந்த யூரோப்பியம் சேர்வை போல, உலோகத்தைச் சுற்றி இணையிகள், அதாவது அதனோடு சேரும் மூலக்கூறுகளோ அயன்களோ, பிணைந்த சேர்வையை நாம் 'சிக்கற்சேர்வை' என்கிறோம், தமிழ்நாட்டில் 'அணைவுச் சேர்மம்'. இந்த ஒன்றில் மட்டும் நான் அவர்கள் பக்கம். இணையிகள் உலோகத்தை அணைத்து நிற்பது சொல்லிலேயே தெரிகிறது. சிக்கல் என்றதும் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள்.

அடுத்த வகுப்பில் கரும்பலகையில் 'ஒளியாளி அணைவு' என்று எழுதப்போகிறேன். பக்கத்தில் 'சிக்கற்சேர்வை' என்றும் இருக்கும், பரீட்சைத் தாளில் அவர்கள் காணப்போவது அதைத்தான்.