பிறர் எழுதிய நிரலைத் திருத்தும்போது

வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் ஆலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் மென்பொருள் எழுதும் குழுக்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் ஐந்தாறு பேர் கொண்டவை. ஒருவர் மூத்தவர், மற்றவர்கள் இங்குள்ள கல்லூரிகளில் படித்து, குடியாத்தத்திலிருந்தோ ஆரணியிலிருந்தோ நாள்தோறும் வந்துபோகும் இளைஞர்கள். இத்தகைய குழுக்களைச் சண்டையைவிட மௌனமே அதிகம் கெடுக்கிறது. மூத்தவரை ‘சார்’ என்றோ ‘அண்ணா’ என்றோ அழைத்துப் பழகியவர்களுக்கு, அவர் எழுதிய நிரலில் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பில்) பிழை இருக்கிறது என்று சொல்வதே மரியாதைக் குறைவாகத் தோன்றுவதால், ரிவியூவுக்கு, அதாவது சரிபார்ப்புக்கு, வந்ததை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ‘ஓகே சார்’ என்று ஒப்புதல் அளித்துவிடுகிறார்கள்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பதனிட்ட தோலை அளந்ததும் அதன் பின்புறத்தில் சதுர அடியைக் குறிப்பது தொழில் வழக்கம். 12 என்று பெரிதாகவும், அதன் வலப்புற மேல்முனையில் 3 என்று சிறிதாகவும் எழுதியிருந்தால் பன்னிரண்டே முக்கால் என்று பொருள். சிறிய எண் எத்தனை கால் என்பதைக் காட்டுகிறது. ஓர் ஆலையின் சரக்கிருப்பு மென்பொருளில் மூத்த நிரலாளர் இதை 12.3 என்று தசமமாகச் சேமித்திருந்தார். குழுவில் இருந்த பேரணாம்பட்டு இளைஞர் ஒருவருக்கு, தந்தை தோல் தரம்பிரிப்பவர் என்பதால், பார்த்தவுடனே பிழை புரிந்திருக்கிறது. ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை. முக்காலில் முடியும் ஒவ்வொரு தோலுக்கும் 0.45 சதுர அடி குறைந்தது. அப்படிப்பட்ட 1,000 தோலுக்கு 450 சதுர அடி. கணக்காளர் கைக்கணக்கோடு ஒப்பிட்ட பிறகே விஷயம் வெளியே வந்தது. ஏன் சொல்லவில்லை என்று அந்த இளைஞரைக் கேட்டபோது, முன்பொருமுறை தான் எழுப்பிய சந்தேகத்துக்கு ‘இதுகூடத் தெரியாதா?’ என்று எல்லோர் முன்னிலையிலும் பதில் கிடைத்ததைச் சொன்னார்.

ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976-இல் நிரல் ஆய்வு முறையை விளக்கி எழுதியபோதே, அந்த ஆய்வில் கிடைக்கும் முடிவுகளை நிரலாளரின் திறனை மதிப்பிடப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்திருக்கிறார். பிழைக்கும் சம்பள உயர்வுக்கும் முடிச்சுப் போட்டால் யாரும் பிழையை வெளியே காட்டமாட்டார்கள் என்பது நம் ஊர் அனுபவத்துக்கும் பொருந்தும். திறமைசாலி கோபப்பட்டால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று வாதிடுவோர் லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸை எடுத்துக்காட்டுவது உண்டு. அவரே 2018 செப்டம்பரில் தம் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார் என்பதை ஏனோ அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

கருத்து எழுதும்போது ஆளை விட்டுவிட்டு நிரலைப் பற்றி எழுத வேண்டும். ‘நீ தப்பாக எழுதியிருக்கிறாய்’ என்பதற்குப் பதிலாக, ‘நோயாளியின் பிறந்த தேதி காலியாக வந்தால் இந்த வரி என்ன செய்யும்?’ என்று கேட்டால், எழுதியவர் தாமே பிழையைக் கண்டுபிடிப்பார். கட்டாயம் மாற்ற வேண்டியது எது, விருப்பம்போல் விட்டுவிடக்கூடியது எது என்பதையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் புதியவர் எல்லாவற்றையும் ஆணையாக எடுத்துக்கொள்வார். இடைவெளி, அடைப்புக்குறி போன்ற சில்லறை விவகாரங்களை நிரலின் வடிவைத் தானே ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டர் கருவி பார்த்துக்கொள்ளட்டும். ஒரே விஷயத்தில் மூன்று முறை பதிலுக்குப் பதில் எழுதியும் தீரவில்லையென்றால், எழுந்துபோய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிடுவது மேல். கூட்டாகப் பார்க்கும் நாளில் வயதில் இளையவரை முதலில் பேசச் சொல்வதும் நல்ல பலன் தருகிறது; மூத்தவர் தொடங்கிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு நின்றுவிடுவார்கள்.

நிரலை அனுப்புபவருக்கும் கடமை உண்டு. 2,000 வரிகளை ஒரே மூட்டையாக அனுப்பிவிட்டு ‘சீக்கிரம் பாருங்கள்’ என்று நச்சரிப்பதும், மாற்றத்தைப் பதிவுசெய்யும்போது எழுதும் கமிட் குறிப்பில் ‘ஃபிக்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதுவதும் படிப்பவரை மதியாத செயல்கள். வெள்ளிக்கிழமை மாலை காட்பாடியில் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், சோதிக்காத மாற்றத்தை மெயின் கிளையில் (குழு முழுவதற்கும் பொதுவான நிரல் பிரதியில்) சேர்த்துவிட்டுப் போனால், சனிக்கிழமைப் பணியில் இருப்பவர் அதனுடன் மல்லுக்கட்ட நேரிடும். அரைகுறை வேலையைத் தனிக் கிளையில் ஏற்றி, எது முடிந்தது, எது பாக்கி என்று இரண்டு வரி எழுதிவைத்துவிட்டுக் கிளம்பலாம்.