‘லக்கி’ என்றால் ‘ஆகூழ்’ ஆகுமா?

குலுக்கலில் பரிசு விழுந்தவரை ‘ஆகூழாளர்’ என்று எழுதுகிறார்கள். அண்மையில் ஒரு கடை வாசல் பேனரிலும் அதே சொல். தனித்தமிழ் மீது எனக்கும் பற்று உண்டு. ஆனாலும் இந்தச் சொல் இங்கே பொருந்தாது.

‘லக்’ 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு, கீழ்ஜெர்மன் பக்கமிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. சூதாடிகள் வழியாகப் போயிருக்கலாம் என்பார்கள். அதிலிருந்து ‘லக்கி’. தற்செயலாக நல்லது வாய்த்த என்பதுதான் பொருள்.

ஆகூழ் அப்படியா? “ஆகூழால் தோன்றும் அசைவின்மை” என்கிறது 371-ஆம் குறள். பொருள் சேர்வதற்கான ஊழ் இருந்தால் சோர்வில்லாத முயற்சி பிறக்கும், போகூழ் இருந்தால் சோம்பல் பிறக்கும் என்கிறார் வள்ளுவர். அதாவது ஆகூழ் உள்ளவன் உழைப்பான். கூப்பனில் பெயரெழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனவருக்குக் கிடைத்த மிக்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தவிர, ஊழ் தவிர்க்க முடியாத முறைமை. “ஊழிற் பெருவலி யாவுள” என்று அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் கேட்கிறது. தற்செயலுக்கு அது நேர் எதிர்.

சரி, ‘அதிர்ஷ்டம்’ மட்டும் என்ன வாழ்கிறது என்பீர்கள். அ-திருஷ்டம், அதாவது காணப்படாதது. வடமொழியில் அதுவும் வினைப்பயனைக் குறித்த சொல்தான். ஆனால் ஜனங்கள் வாயில் புழங்கிப் புழங்கித் தற்செயல் என்ற பொருளுக்கு வந்துவிட்டது. ஆகூழுக்கு அந்தப் புழக்கம் இல்லை. அகராதியிலிருந்து நேராகப் பேனருக்கு வந்த சொல் அது.

மொழிபெயர்ப்பாளர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ‘லக்கி’ வரும் இடமெல்லாம் ஒரே சொல்லை ஒட்டிவிடுகிறார்கள். நல்ல பிள்ளைகள் வாய்த்த அம்மாவை ஊரில் ‘கொடுத்து வைத்தவள்’ என்போம். பரீட்சைக்குப் போட்டுப் போகும் சட்டை ‘ராசியான சட்டை’. மருந்து பலித்தால் டாக்டருக்குக் ‘கைராசி’. பஸ் கவிழ்ந்தும் அடிபடாமல் வந்தவரிடம் ‘நல்லவேளை, தப்பித்தீர்கள்’ என்போம். ‘நீங்கள் ஒரு அதிர்ஷ்டசாலி’ என்று அவரிடம் யார் சொல்வார்கள்? டப்பிங் படத்தில்தான் சொல்வார்கள். ராசி வடசொல்லாயிற்றே என்று தயங்குகிறவர்கள், கொடுத்துவைத்ததையும் நல்லவேளையையுமாவது எடுத்துக்கொள்ளலாம்.

குலுக்கலுக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. அண்ணா முதல்வராக இருந்த 1968-இல் அரசு லாட்டரி வந்தபோது அதைப் ‘பரிசுச்சீட்டு’ என்றார்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேனரிலும் ‘பரிசு பெற்றவர்’ என்று போட்டாலே போதும்.