சிங்கம் போட்ட சான்றிதழும் முத்து என்கிற தாத்தாவும்

போன வாரமும் ஒருவர், வம்சாவளி தேடித் தரச் சொல்லி. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவிலிருந்து மின்னஞ்சல். இணையத்தில் காசு கட்டி வாங்கிய ‘வம்சப் பெயர்ச் சான்றிதழை’ இணைத்திருந்தார். தங்க பார்டர், நடுவில் இரண்டு சிங்கம். குடும்பப்பெயர் மூத்தூ. பிரெஞ்சில் செம்மறி ஆட்டுக்கு உள்ள சொல்லிலிருந்து வந்ததாம், முன்னோர் மேய்ச்சல் நிலப் பிரபுக்களாம். ஐயா, அது முத்து! பிரெஞ்சுக்காரர்கள் உகரத்தை ஓ, யூ என்று இரண்டு எழுத்து போட்டு எழுதுவார்கள். கதை அவ்வளவுதான்.

வம்சாவளி தேடித் தருவது என் பிழைப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே நம்பிக்கையோடு வருகிறார்கள்: பெயர் அபூர்வம் என்றால் வம்சமும் அபூர்வம். இல்லை. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம் சனங்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் என்ற ஒன்றே கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், முடிந்தது. மொரிஷியசுக்கு 1834 முதல் ஆள் போனார்கள். சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. 1911 வரை, டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு மட்டும் இந்தியாவிலிருந்து 1,52,184 பேர். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். பிறகு பிள்ளைகளைப் பதியும்போது குடும்பப்பெயர் கேட்டார்கள். அப்பா பெயரையோ தாத்தா பெயரையோ சொன்னார்கள். அண்ணன் பிள்ளைகள் ஒரு பெயரிலும் தம்பி பிள்ளைகள் வேறு பெயரிலும் ஏறிய குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே பெயர் இருப்பதால் பங்காளி என்றும் சொல்ல முடியாது, வேறு பெயர் என்பதால் அந்நியர் என்றும் சொல்ல முடியாது. அபூர்வமான பெயர் பல நேரம் ஒரு தனி மனிதரின் பெயர், ஒரு குமாஸ்தாவின் கைவண்ணத்தில்.

அந்தக் கைவண்ணத்தைத் திட்டவும் எனக்கு மனசு வராது. ரீயூனியனில் வீராப்புள்ளே என்று ஒரு பெயர் உண்டு. ஏட்டில் நாம் ‘பிள்ளை’ என்று எழுதுவோம். வாயில் வருவது ‘புள்ள’தானே? அந்த வெள்ளைக்காரக் குமாஸ்தா நம் பேச்சை அப்படியே பிடித்துவிட்டார். தென்னாப்பிரிக்காவின் கோவெண்டரும் அப்படித்தான். கோவிந்தன் என்று நினைத்து வைணவக் கோயில்களில் தேடுகிறார்கள். அது கவுண்டர். மூட்லி என்பது முதலி.

இன்னொரு தலைவலி ‘மல்பார்’. ரீயூனியனில் தமிழ் வம்சாவளியினருக்கே அந்தப் பெயர்தான். அதை நம்பிக் கேரளத்தில் ஊர் ஊராக அலைந்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். பாண்டிச்சேரியிலோ காரைக்காலிலோ கப்பலேறினார் என்றால் அதுவும் சொந்த ஊர் ஆகிவிடாது. பஸ் ஏறிய இடம் வீடாகுமா?

பழைய பதிவுகளில் சாதிக் கட்டத்தில் இருப்பதையும் வேதவாக்காக எடுக்காதீர்கள். அவர் சொன்னது, எழுதப்பட்டது. சரிபார்க்க யாரும் கூடப் போகவில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அந்தச் சான்றிதழ் வாங்குவதை நிறுத்துங்கள். பாட்டி பெட்டியில் உள்ள பிறப்பு, திருமண, இறப்புப் பத்திரங்களை எடுத்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். தாண்டிக் குதிக்காதீர்கள். நேட்டால் குடும்பம் என்றால் உங்களுக்கு வேண்டியது பெயர் அல்ல, குடியேறியபோது அவருக்குக் கொடுத்த பதிவெண். அது கிடைத்தால் கப்பல் பட்டியலில் அப்பா பெயர், வயது, ஜில்லா, தாணா (ஜில்லாவுக்குள் ஊர் சேர்ந்த வட்டாரம்), ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை இருக்கும். டர்பன் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். மொரிஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம். சில பதிவுகளில் புகைப்படமே உண்டு. ரீயூனியன் என்றால் தீவின் ஆவணக் காப்பகமும், பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சில் உள்ள காப்பகமும்.

ஊர்ப் பெயரும் காதில் விழுந்தபடிதான் இருக்கும். அதே பெயரில் நாலு ஊர் இருக்கும். தாணாவைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். போய் இறங்கியதும் “நாங்கதான் உங்க சொந்தக்காரங்க” என்று யாராவது மாலை போட்டால், கோயில் நன்கொடைக்குக் கையை நீட்டும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள்.

தயவுசெய்து, தாத்தா பெயர் வெறும் முத்துதான் என்று தெரிந்ததும் முகம் சுளிக்காதீர்கள். அடுத்து கேட்க வேண்டியது, எந்த ஊர் முத்து என்று.