பக்கத்து நாற்காலிக்காரன் மேல்தான் எரிச்சல் வரும்

ஆறு வருடமாக எங்கள் கொயரில் கிறிஸ்மஸ் கரோல் ஆராதனைக்குத் தனிப்பாட்டு நான்தான். போன நவம்பரில், கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த ஒத்திகையில், அதைப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள். "நல்லதுதானே" என்று சிரித்துவிட்டு வந்து காலி நகருக்குப் போகும் வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது வயிறு நிஜமாகவே எரிந்தது. எதிரே பெரிய பெரிய கார்களில் எத்தனையோ பேர் போனார்கள், ஒருவர் மேலும் எரிச்சல் வரவில்லை. இந்தத் தம்பி மேல் மட்டும் ஏன்?

1980களில் ஏப்ரஹாம் டெஸர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பொறாமை மூள இரண்டு விஷயம் சேரவேண்டும்: ஆள் நமக்கு நெருக்கமாக இருக்கவேண்டும், அவர் வென்ற துறை 'இதுதான் நான்' என்று நாம் பிடித்துவைத்திருக்கும் துறையாக இருக்கவேண்டும். துறை வேறு என்றால் அதே நெருக்கம் பெருமையாக மாறிவிடும். உண்மைதான், இதே தம்பி ஏ.எல். பரீட்சை நன்றாகச் செய்தபோது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், 19 பேருக்கு அவர்களைவிட ஒரு படி மேலே இருப்பவர்களைப் பற்றிய கதைகளைப் படிக்கக் கொடுத்து, எம்.ஆர்.ஐ. கருவியில் அவர்களுடைய மூளையைப் பார்த்தார்கள். கதையில் வருபவர் தங்கள் துறைக்காரராக இருந்தபோது பொறாமை கூடியது, கூடவே சிங்குலேட் என்ற மடிப்பின் முன்பகுதி அதிகமாக வேலை செய்தது. உடம்பு வலிக்கும்போதும் இயங்குகிற பகுதி அது. பிறகு அந்த ஆளுக்கே ஒரு கெடுதி நடப்பதாகக் கதையை மாற்றியபோது, பரிசு கிடைத்தால் இயங்குகிற ஸ்ட்ரையேட்டம் விழித்துக்கொண்டது. முதலில் எவ்வளவு வலித்ததோ அவ்வளவுக்கு இது இனித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டாவது ஒத்திகையில் தம்பிக்கு மேல் சுரத்தில் குரல் உடைந்தபோது என் ஸ்ட்ரையேட்டமும் நன்றாகவே வேலை செய்தது.

வேதாகமத்தில் நீதிமொழிகள் பொறாமையை 'எலும்புருக்கி' என்கிறது. நம் பழைய ஆட்கள் காசநோய்க்குச் சொன்ன பெயர் அது.

பொறாமை பாவம், விட்டுவிடுங்கள் என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். எப்படி விடுவது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு உதவியது 1 சாமுவேல் 18ஆம் அதிகாரம். கோலியாத்தைத் தாவீது கொன்றபின் பெண்கள், சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம் என்று பாடுகிறார்கள். அன்று முதல் சவுல் தாவீதைக் 'காய்மகாரமாய்', அதாவது பொறாமையோடு, பார்த்தான் என்று எழுதியிருக்கிறது. அதே வீட்டில் இருந்த, சவுல் ராஜாவின் மகன் யோனத்தானுக்குத்தான் உண்மையில் இழப்பு அதிகம், அடுத்த ராஜா அவன்தானே. ஆனால் அவன் தன் சால்வை, பட்டயம், வில் எல்லாவற்றையும் கழற்றித் தாவீதுக்குக் கொடுக்கிறான். சவுல் கணக்குப் பார்த்தான், யோனத்தான் தாவீதைத் தன்னில் ஒருவனாக எடுத்துக்கொண்டான்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது சபையை உடம்பாகச் சொல்வதை நான் வெறும் ஒற்றுமைப் பேச்சென்றுதான் நினைத்திருந்தேன். "ஒரு அவயவம் மகிமைப்பட்டால் எல்லா அவயவங்களும் கூடச் சந்தோஷப்படும்" என்கிறார். டெஸரின் கண்ணால் பார்த்தால் இங்கே நெருக்கம் குறையவில்லை, இன்னும் கூடுகிறது, ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் ஒரே வேலை இல்லாததால் ஒப்பிடவே இடமில்லை.

பாவ அறிக்கைக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஓர் உணர்ச்சிக்குப் பெயர் வைத்துச் சொல்லும்போது பயத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் வேகம் குறைகிறது என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 'மனசு சரியில்லை ஆண்டவரே' என்று பொதுவாக ஜெபித்துக்கொண்டிருந்த நான், 'அவன் பாட்டு எனக்கு எரியுது' என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு தினமும் பெயர் சொல்லி அவனுக்காக ஜெபித்தேன், முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

ஒல்லாந்து (டச்சு) மொழியில் பொறாமைக்கு இரண்டு சொல் இருக்கிறது. ஒன்று, நானும் அப்படி ஆகவேண்டும் என்று மேலே ஏறப் பார்ப்பது. மற்றது, அவனைக் கீழே இழுக்கப் பார்ப்பது. கந்தோரையும் (அலுவலகத்தையும்) கக்கூஸையும் நமக்குத் தந்துவிட்டுப் போன ஒல்லாந்தர் இந்த இரண்டு சொல்லையும் நமக்குத் தந்துவிட்டுப் போயிருக்கலாம். நமக்கு எல்லாமே எரிச்சல்தான்.

கரோலுக்கு இரண்டு நாள் முன்பு தம்பி வந்து, "அண்ணா, அந்த மேல் சுரத்துக்கு முதல் எங்க மூச்சு எடுக்கிறது?" என்று கேட்டான். ஒரு நொடி யோசித்தேன். பிறகு சரியான இடத்தைத்தான் காட்டிக்கொடுத்தேன்.